பவேரியக் காட்டுப்பன்றியில் இன்னும் சீசியம், அதே காட்டு மானில் ஏன் இல்லை?

தேன்சிட்டு:

வணக்கம். மியூனிக்கில் குடும்பத்தோடு இரண்டு வருடமாக இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வேட்டை உரிமம் வைத்திருப்பவர். போன குளிர்காலத்தில் இரண்டு காட்டுப்பன்றி சுட்டாராம். இரண்டிலிருந்தும் அரைக் கிலோ அளவுக்குச் சதையை வெட்டி, கொழுப்பு நீக்கிக் கொத்தி, தனித்தனி டப்பாவில் அடைத்துக் கதிரியக்க அளவீட்டு நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஒன்றில் கிலோவுக்கு 140 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), சாப்பிடலாம். இன்னொன்றில் 3,000க்கு மேல், அதை அப்படியே அழிக்கக் கொடுத்துவிட்டாராம். 600ஐத் தாண்டினால் இங்கே விற்கக் கூடாது. அதே காட்டு மான் கறி கொஞ்சம் எங்களுக்கும் கொடுத்தார், அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார்.

எனக்குப் புரியாதது இதுதான். செர்னோபில் அணு உலை வெடித்தது 1986ல். சீசியம்-137க்கு அரை ஆயுள் 30 வருடம், அதனால் பாதிக்கும் மேல் போயிருக்கும், மிச்சம் இருக்கும், அது சரி. ஆனால் ஒரே காடு, ஒரே மழையில் நனைந்த மண், மானில் குறைந்தது பன்றியில் ஏன் குறையவில்லை? பன்றிக்குப் பன்றி இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது?

அப்புறம் இன்னொன்று. செர்னோபில் பக்கம் ஓநாயும் குதிரையும் பெருகிவிட்டன என்று படம் படமாகப் போடுகிறார்கள். அப்படியென்றால் கதிர்வீச்சு மிருகங்களை ஒன்றும் செய்யவில்லையா?

என் மகளுக்கு ஏழு வயது. இலையுதிர் காலம் வந்தால் அவளுடைய தோழி வீட்டில் காளான் பறிக்கக் காட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

செம்மண்:

மண் அறிவியல் படித்தவன் நான், அதனால் மண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சீசியம் வேதியியலில் பொட்டாசியத்துக்கு உறவுக்காரன். செடிக்கும் சரி, மிருகத்துக்கும் சரி, இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, பொட்டாசியம் என்று நினைத்து உள்ளே எடுத்துக்கொள்ளும், அது சதையில் போய்ச் சேரும். (ஸ்ட்ரான்சியம்-90 இப்படித்தான் கால்சியம் வேஷத்தில் எலும்புக்குப் போகிறது.) வயலில் களிமண் இருக்கிறது, அதன் அடுக்குகளுக்கு நடுவே சீசியம் மாட்டிக்கொள்கிறது, உரமாகப் போடும் பொட்டாசியமும் அதற்குப் போட்டியாக நிற்கிறது, வருடா வருடம் உழவும் செய்கிறோம். அதனால் கோதுமையிலும் உருளைக்கிழங்கிலும் சில வருடங்களிலேயே அளவு விழுந்துவிட்டது. காட்டு மண் அப்படியில்லை. மேலே மக்கிய இலை, ஊசியிலைக் குப்பை, களிமண் குறைவு, பொட்டாசியமும் குறைவு. விழுந்த சீசியத்தைக் காளானின் இழைகளும் மர வேர்களும் உறிஞ்சும், இலை உதிரும், மக்கும், மறுபடியும் உறிஞ்சும். காட்டை விட்டு அது வெளியே போவதே இல்லை என்று சொல்லலாம்.

இப்போது பன்றி. மான் மேலே இருக்கும் தழையையும் புல்லையும் தின்கிறது. பன்றி மூக்கால் மண்ணைக் கிளறித் தின்கிற பிராணி. பவேரியாவில் மண்ணுக்கு அடியில் விளையும் ஒரு காளான் உண்டு, மான் டிரஃபிள் என்பார்கள், பெயரில்தான் மான், விரும்பித் தின்பது பன்றி. சின்ன உருளைக்கிழங்கு மாதிரி, வெளியே சொரசொரவென்று பழுப்பாக இருக்கும், முற்றியதை உடைத்தால் உள்ளே கருப்புப் பொடி. மனிதர்கள் தின்பதில்லை. சீசியத்தைச் சேர்த்து வைப்பதில் அதற்கு இணையே இல்லை. ஓக், பீச் மரக்கொட்டைகள் நிறையக் கொட்டிய வருடத்திலும், சோளக்கொல்லையில் மேயும் கோடையிலும் பன்றி இதைத் தேடிப் போவதில்லை. குளிரில் வேறு தீனி இல்லாதபோதுதான் தோண்டும். உங்கள் நண்பரின் 140 பெக்கரல் பன்றி பெரும்பாலும் கொல்லையில் மேய்ந்தது, 3,000 பெக்கரல் பன்றி டிரஃபிள் தோண்டியது என்பது என் ஊகம்.

குறையாததற்குக் காரணம் ஆழம். சில காட்டு மண்ணில் சீசியம் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் கீழே இறங்குகிறது. மேல்மண்ணில் அளவு குறைந்துகொண்டே வர, டிரஃபிள் இருக்கும் ஆழத்துக்கு அது இப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. 2023ல் வியன்னா, ஹனோவர் ஆய்வாளர்கள் பவேரியப் பன்றிகளின் 48 இறைச்சி மாதிரிகளை எடுத்து, சீசியம்-135 என்ற இன்னொரு வகைக்கும் 137க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தார்கள். உலையில் உண்டான சீசியத்துக்கும் அணுகுண்டில் உண்டானதற்கும் அந்த விகிதம் வேறு. முடிவு என்ன தெரியுமா, சில மாதிரிகளில் இருந்ததில் 68 சதவீதம் வரை செர்னோபிலே இல்லை, 1950களிலும் 60களிலும் வானத்தில் வெடித்த குண்டுச் சோதனைகளின் சாம்பல். நம் தாத்தா காலத்துக் குண்டு இன்றைய பன்றியின் தொடையில் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கடலோடி:

எனக்குத் தெரிந்தவரை இது பாதரசம் மாதிரிதான். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அதை இன்னும் பெரியது தின்னும், மேலே போகப் போகக் கூடிக்கொண்டே போகும். 2013ல் ஃபுகுஷிமா உலையின் துறைமுகத்துக்குள் பிடித்த ஒரு மீனில் கிலோவுக்கு 7,40,000 பெக்கரல் இருந்தது, ஜப்பானில் வரம்பு 100. அதனால் தின்கிற பிராணி எவ்வளவு பெரியது என்று பார்த்தாலே போதுமே.

வடவெள்ளி:

கடலோடி அண்ணா, அந்த மீன் கணக்குச் சரி, ஆனால் அது உலைக்குப் பக்கத்திலேயே, அடைபட்ட துறைமுகத்துக்குள் இருந்த மீன். திறந்த கடலில் பெரிய மீன் என்பதற்காக அப்படி ஏறாது. மீன் உடம்பில் போன பாதரசம் லேசில் வெளியே வராது, சீசியம் வரும். மனிதருக்குச் சுமார் 100 நாளில் பாதி போய்விடும், ஆட்டுக்கும் மானுக்கும் சில வாரம் போதும். அதனால் மிருகத்தின் அளவைவிட, அது போன மாதம் என்ன தின்றது என்பதுதான் முக்கியம்.

நான் இருப்பது நோர்வேயில், ட்ரொண்ட்ஹெய்முக்கு வடக்கே. இங்கே சாமி என்ற பழங்குடி மக்கள் பனிமான் (ரெயின்டீர்) மேய்க்கிறார்கள். மான்களுக்குக் குளிர்காலத் தீனி லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஓர் உயிர். அதற்கு வேர் கிடையாது, மழையிலும் காற்றிலும் வருவதைத்தான் உண்டு வளரும், வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். 1986ல் செர்னோபில் மேகம் வந்து இங்கே மழையாகப் பெய்தபோது, விழுந்தது அத்தனையையும் அது பஞ்சு மாதிரிப் பிடித்து வைத்துக்கொண்டது. உக்ரைன் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். பக்கத்து நாட்டில் விழாதது இங்கே விழுந்தது, அன்றைக்கு எங்கே மழை பெய்தது என்பதுதான் காரணம்.

அந்த வருடம் இறைச்சிக்கு வரம்பு கிலோவுக்கு 600 பெக்கரல் என்று வைத்தார்கள். அப்படியே விட்டால் தென் பகுதிச் சாமி மக்களின் தொழிலே அழிந்துவிடும், மான் போனால் அவர்களின் மொழியும் வாழ்க்கையும் சேர்ந்து போகும் என்பதால் நவம்பரில் பனிமானுக்கு மட்டும் 6,000 ஆக்கினார்கள், 1994ல் 3,000 ஆகக் குறைத்தார்கள். மேய்ப்பவர்கள் வருடக்கணக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மானை உயிரோடு பிடித்துச் சதைமேல் கருவியை அழுத்தி வைத்து அளந்து பார்ப்பார்கள், கூடுதலாக இருந்தால் அடைத்து வைத்துச் சுத்தமான தீனி கொடுத்துக் காத்திருப்பார்கள். லைக்கன் தின்னத் தொடங்கும் முன்பே அறுக்கும் காலத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பொருளை உப்புக்கட்டியில் கலந்தும் கொடுத்தார்கள், அது வயிற்றிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியே கொண்டுபோய்விடும்.

2014ல் காளான் கொட்டோ கொட்டென்று முளைத்தது, அந்த இலையுதிர் காலத்தில் சில மந்தைகளில் அளவு பழையபடி ஏறிவிட்டது. 28 வருடத்துக்குப் பிறகு!

ஒன்றில் மட்டும் கடலோடி அண்ணாவுக்கு ஆதரவு. ஏரி மீனில் அவர் சொல்வது ஓரளவு பொருந்தும். நன்னீரில் பொட்டாசியம் குறைவு, மீன் கிடைத்த உப்பை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதோடு சேர்த்துச் சீசியத்தையும். சுவீடனில் சின்ன மீனில் முதலில் ஏறியது, அதைத் தின்னும் பைக் மீனில் பிறகு ஏறியது, கூடுதலாகவும் நின்றது.

கடலோடி:

சரி, நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். உடம்பை விட்டு இவ்வளவு சீக்கிரம் வெளியே போகும் என்று தெரியாது. நன்றி வடவெள்ளி.

செம்மண்:

வடவெள்ளி சொன்ன மழை விஷயத்துக்கு பிரிட்டனும் ஓர் உதாரணம். 1986 ஜூனில் வேல்ஸ், கம்பிரியா மலைகளில் ஆடு விற்கக் கட்டுப்பாடு போட்டபோது மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். அந்த மலைகளில் களிமண் இல்லாத, மக்கிய செடிகளால் ஆன கரி மண் (பீட்), சீசியத்தைக் கட்டிப்போட ஆளில்லை, புல்லுக்குத் திரும்பத் திரும்ப ஏறியது. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012ல். மூன்று வாரம் 26 வருடம் ஆனது.

கூகை:

ஓநாய்க் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஓநாய் பெருகியது உண்மை. 2015ல் பெலாரஸ் பக்கத்துக் காப்பகத்தின் கணக்கெடுப்பு வெளிவந்தது, மற்ற காப்பகங்களைவிட அங்கே ஓநாய் ஏழு மடங்குக்கும் மேல். கடமானும் பன்றியும் மற்ற இடங்களைப் போலவே இருந்தன. 1998ல் உக்ரைன் பக்கம் கொண்டுவந்து விட்ட ஷெவால்ஸ்கி என்ற காட்டுக் குதிரைகளும் குட்டி போட்டுப் பெருகியிருக்கின்றன. ஆனால் உலையைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து 1986ல் மட்டும் லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களை வெளியேற்றினார்கள். உழவு இல்லை, துப்பாக்கி பெரும்பாலும் இல்லை, சாலையில் வண்டி இல்லை. மனிதர் போனதால் வந்த லாபம் கதிர்வீச்சால் வந்த நஷ்டத்தைவிடப் பெரியதாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான் அந்தக் கணக்கெடுப்பு சொல்வது. நஷ்டமே இல்லை என்று அது சொல்லவில்லை. தலையை எண்ணினால் எத்தனை மிருகம் என்றுதான் தெரியும், ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று தெரியாது. காட்டு ஓநாய் சில வருடம்தான் வாழும், மெதுவாக வளரும் நோய் வெளியே தெரியும் முன்பே வேறு எதனாலோ செத்துவிடும்.

முதல் வருடத்தை மறந்துவிடக் கூடாது. உலைக்குப் பக்கத்து பைன் காடு சில வாரங்களில் செம்பழுப்பாகிச் செத்தது, இன்றும் அதற்குச் செங்காடு என்றுதான் பெயர். பைன் மரம் கதிர்வீச்சை அவ்வளவாகத் தாங்காது, பக்கத்திலேயே நின்ற பிர்ச் மரங்கள் பல பிழைத்தன.

நான் பறவை பார்ப்பவன். திமோத்தி மூசோ, ஆண்டர்ஸ் மோலர் என்ற இரண்டு உயிரியல் ஆய்வாளர்கள் அங்கே தகைவிலான் குருவிகளை வருடக்கணக்கில் பிடித்துப் பார்த்தார்கள். சிவந்த தொண்டையில் திட்டுத் திட்டாக வெள்ளை இறகு, மற்ற இடங்களைவிட அதிகமாக. அவர்கள் கதிர்வீச்சை அளந்த முறை சரியில்லை என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. இன்னொன்று மரத்தவளை. வழக்கமாகப் பச்சைப் பசேல் என்றிருக்கும் தவளை, அந்தப் பகுதிக்குள் கருத்த நிறத்தில் நிறைய இருப்பதாக 2022ல் எழுதினார்கள். தோலில் மெலனின் என்ற கருநிறமி கூடுதலாக இருந்தவை அந்த முதல் வருடங்களில் தப்பிப் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அப்படியானால் பச்சையாக இருந்தவை எத்தனை செத்திருக்கும்? அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. பெருகிய ஓநாயின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சைத் தவளைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

தேன்சிட்டு:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. பன்றி ஏன் என்று இப்போது நன்றாகப் புரிகிறது. காளான் பறிக்க அனுப்பலாமா என்பதுதான் பாக்கி.

செம்மண்:

தாராளமாக அனுப்புங்கள். கணக்கைப் பார்த்துவிடலாம். கிலோவுக்கு 1,000 பெக்கரல் உள்ள காட்டுக் காளானை 200 கிராம் தின்றால் உடம்புக்குப் போவது 200 பெக்கரல். பெரியவர்களுக்கு அதனால் வரும் கதிர்வீச்சு மூன்று மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு, ஏழு வயதுக் குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெர்மனியில் சும்மா இருந்தாலே இயற்கையாக வருடத்துக்குச் சுமார் 2,000 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது. எப்போதாவது ஒரு வேளை தின்பதால் ஒன்றும் ஆகாது. வாராவாரம் காட்டுக் காளானும் அளக்காத பன்றிக் கறியும் தின்னும் குடும்பம்தான் யோசிக்க வேண்டும்.

தொப்பிக்கு அடியில் மடிப்புக்குப் பதிலாக முள் முள்ளாக இருக்கும் வகையிலும், பழுப்புத் தொப்பிக்கு அடியில் தொட்டால் நீலம் பாரிக்கும் வகையிலும் சீசியம் கூடுதலாக ஏறும். தெற்கு பவேரியாவில் பறிப்பதாக இருந்தால் அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் வளர்ப்புக் காளானில் அநேகமாக எதுவும் இருக்காது. ஆனால் விஷக் காளான் எது என்று தெரிந்த பெரியவர் கூட இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள், காளான் பறிப்பதில் உயிர் போவது அதனால்தான்.

தேன்சிட்டு:

தோழியின் பாட்டி கூடப் போகிறார், நாற்பது வருடத்துக்கு மேலாக அதே காட்டில் பறிப்பவராம். கேட்டுவிட்டேன். செர்னோபில் வெடித்த வருடம் மட்டும் அவர் காளான் பறிக்கப் போகவில்லையாம், குழந்தையை மணலில் விளையாடக்கூட விடவில்லையாம். அந்தக் குழந்தைதான் என் மகளுடைய தோழியின் அம்மா. பன்றிக் கறி கொடுத்தால் அளவுச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.