ஓவியத்தின் கீழே ஓவியரின் சாதியை எழுதலாமா?

கேள்வி: கும்பகோணம் ஓவியன்

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு படக் கண்காட்சி வைக்கிறோம். ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த இக்கால ஓவியர்களை ஊருக்கு அறிமுகப்படுத்துவதுதான் நோக்கம். ஜங்கர் சிங் ஷ்யாம், பூரி பாய், துலாரி தேவி, சவி சாவர்க்கர் ஆகியோரின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து அச்சிட எண்ணம். கீழே ஒட்டும் குறிப்பில்தான் சிக்கல். "கோண்டு பழங்குடி ஓவியம்", "தலித் ஓவியர்" என்று போட்டால்தான் வருபவர்களுக்கு விளங்கும் என்கிறார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதாமல் விட்டாலோ, அவர்கள் பட்ட பாட்டையே மறைத்ததாக ஆகிவிடுமோ என்று கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: போபால்வாசி

தம்பி, முதல் வரியில் ஓவியரின் பெயர்தான் வர வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜங்கர் மத்தியப் பிரதேசத்தின் பட்டங்கர் கிராமத்தில் பிறந்த பர்தான். பானா என்ற நரம்புக் கருவியை இசைத்துக் கோண்டுகளின் தெய்வக் கதைகளைப் பாடும் பாணர் குலம் அது. அந்தத் தெய்வங்களைக் காகிதத்தில் புள்ளியும் நுண்கோடுமாக இறக்கி வைத்தவர் அவர். அவர் வரைந்த மான்களைப் பாருங்கள்: கொம்பு மரக்கிளையாகப் படர்ந்து நிற்கும், உடம்பெல்லாம் வரிவரியாகப் புள்ளிகள். இன்று கடைகளில் கோண்டு ஓவியம் என்று விற்பதில் பெரும்பகுதி அவர் போட்ட வழியில் வந்ததுதான். ஒரு மனிதரின் கற்பனையை ஒரு குலத்தின் கைப்பழக்கமாகக் கணக்கெழுதிவிட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

1982இல் இங்கே போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் திறந்தபோது, சிம்லாவில் பிறந்த தமிழரான ஓவியர் ஜே. சுவாமிநாதன் கிராமத்து ஓவியர்களையும் நகரத்து ஓவியர்களையும் ஒரே கூரையின் கீழ் சமமாக வைத்தார். பில் பழங்குடியைச் சேர்ந்த பூரி பாய் அந்தக் கட்டடத்துக்கே சுமை சுமந்த கூலித் தொழிலாளி. அவரை வரையச் சொன்னவரும் சுவாமிநாதனே. 2021இல் பூரி பாய்க்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் பாராட்டு மட்டும் காப்பாற்றிவிடாது. 1989இல் பாரிஸ் வரை போன ஜங்கர், 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பது வயது நிறையவில்லை. இதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சாதி பற்றிக் கேட்டீர்கள். படமே அதைப் பேசினால் எழுதியாக வேண்டும். சாவர்க்கரின் படங்களில் கழுத்தில் எச்சில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டிய மனிதர் வருவார்; தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் எச்சிலும் காலடித் தடமும் தரையில் தங்கக் கூடாது என்று கட்டவைத்தவை அவை. அந்தக் கலயம் ஏன் கழுத்தில் தொங்குகிறது என்று சொல்லாத குறிப்பு பொய்க் குறிப்பு. துலாரி தேவி மல்லா என்ற மீனவச் சமூகத்தவர். வீட்டு வேலை செய்த இடத்தில் ஓவியம் பழகியவர். இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே வாழ்க்கைக் குறிப்பில் தாராளமாக எழுதுங்கள். அவருடைய மீனுக்கும் குளத்துக்கும் கீழே முத்திரையாகக் குத்தாதீர்கள்.

பதில்: சுவரெழுத்து

போபால் அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இணையத்திலிருந்து எடுத்து அச்சிடுவது என்கிறீர்களே, யாரிடம் கேட்டீர்கள்? நம் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ஜங்கரின் படங்களுக்கு 2061 முடியும் வரை. பூரி பாயும் துலாரி தேவியும் நம் காலத்தில் வரைகிறவர்கள். கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள், சிறு தொகையாவது கொடுங்கள். கடைப் பலகை எழுதிப் பிழைத்தவன் நான். என் எழுத்தைப் படம்பிடித்து நாட்காட்டியில் போட்டார்கள். பெயரும் இல்லை, காசும் இல்லை. நல்ல நோக்கத்தோடு செய்கிற நீங்களும் அதையே செய்யலாமா?

பதில்: மதுரை வாசகி

வடக்கோடு நிறுத்திவிடாதீர்கள் அண்ணா. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் மலக்குழிச் சாவுகளையும் தொடர்ந்து புகைப்படமெடுக்கும் பழனிகுமார் இருக்கிறார். தம் குடும்பத்தையே படமெடுத்த வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் இருக்கிறார். நேரில் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பயணச் செலவோடு பேச்சுக்கும் ஊதியம் கொடுங்கள்.

கும்பகோணம் ஓவியன்

அனைவருக்கும் நன்றி. அனுமதி கிடைக்கும் படங்களை மட்டும் வைப்பது, மற்றவர்களுக்கு எழுத்தில் அறிமுகம் என்று முடிவு செய்திருக்கிறோம். கண்காட்சி ஒரு மாதம் தள்ளிப்போகிறது. போபால் அக்கா, கடிதத்தை நான் தமிழில் எழுதித் தருகிறேன். இந்தியில் ஆக்கித் தர முடியுமா?