எழுதினவரே வாசிச்ச கதையைக் கேட்டிருக்கீங்களா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

போன கோடையில் அண்ணன் பொண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. தண்டையார்பேட்டையில் எங்களுடையது ஒற்றை ஜன்னல் வீடு. வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்துவிட்டு, டிவி கூடாது, போனும் கூடாது என்று அண்ணி சட்டம் போட்டுவிட்டார். ஆனால் புள்ளை சொறியாமல் இருக்க ஏதாவது வேண்டுமே? பார்க்கத்தானே கூடாது, கேட்கலாம் இல்லையா என்று கெஞ்சி அனுமதி வாங்கி, போனை அலமாரியில் கவிழ்த்து வைத்து, அமெரிக்க எழுத்தாளர் மேடலின் லெங்கிளின் ‘எ ரிங்கிள் இன் டைம்’ ஒலிநூலைப் போட்டேன். 1962இல் வந்த கதை. நடிகை ஹோப் டேவிஸ் வாசித்த பதிவும் இருக்கிறது, ஆனால் நான் போட்டது லெங்கிளே வயதான காலத்தில் வாசித்தது.

“யாரு சித்தப்பா இந்தக் கிழவி?” ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கேட்டுவிட்டாள். குரலில் கரகரப்பு, மினுமினுப்பே கிடையாது. இங்கிலீஷ் வேறு, அதனால் அடிக்கடி நிறுத்தி நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மெக் என்ற பொண்ணு கணக்கில் கெட்டி, ஆனால் பள்ளிக்கூடத்தில் நல்ல பேர் இல்லை, விஞ்ஞானி அப்பாவைக் காணோம், தேடிப் போக மூன்று விசித்திரக் கிழவிகள் துணை என்று சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுநாள் கிழவி ‘பாட்டி’ ஆகியிருந்தாள்.

டெஸரக்ட் வந்த இடத்தில்தான் நான் மாட்டினேன். டெஸரக்ட் என்றால் தூரத்தைக் கடக்காமல் இடத்தையே மடித்துவிடுவது; அதைப் பாவாடை மடிப்பையும் ஒரு சின்னப் பூச்சியையும் வைத்துக் கதையில் விளக்குவார்கள். எனக்குக் கிடைத்தது காத்தாடி நூல் (மாஞ்சா போடாத வெறும் நூல்தான், சண்டைக்கு வராதீங்க). எறும்பு ஒன்றைப் பிடித்து நூலில் விட்டேன். அது பாதி தூரம் போய் நின்று, யோசித்து, திரும்பி வந்தது. சரி என்று இரண்டு கையையும் சேர்த்து நுனியோடு நுனியை ஒட்டிக் காட்டினால், அது அந்தப் பக்கம் தாவாமல் என் கட்டைவிரலில் ஏறிக் கடித்துவிட்டது. சிரிப்பில் அன்றைக்கு ஒரு மணி நேரம் சொறிவதையே மறந்துபோனாள்.

கமசோட்ஸ் கிரகம் வந்தபோது வெளியே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிரகத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தாளத்தில் பந்து தட்ட வேண்டும், ஒருத்தன் தவறவிட்டால் அவன் அம்மாவே நடுங்குவாள். “நம்ம தெருப் பசங்க அங்க போனா ஒரே நாள்ல அந்த ஊரையே கெடுத்துடுவானுங்க” என்றாள், ரொம்பப் பெருமையாக.

பாட்டிக்கு லெட்டர் போடலாமா என்று கேட்டாள். 2007லேயே இறந்துவிட்டார் என்று சொல்ல மனசு வரவில்லை, அதனால் வேறு கதைக்குப் போனேன். நாற்பதாவது பிறந்த நாளன்று ஒரு பதிப்பகம் வேறொரு கதையைத் திருப்பி அனுப்பிவிட, இனி எழுதவே வேண்டாம் என்று தட்டச்சு இயந்திரத்தை மூடி வைத்தவர் லெங்கிள். அப்புறம் எழுதிய இந்தக் கதையையும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட முறை வேண்டாம் என்றார்கள், குழந்தைகளுக்கா பெரியவர்களுக்கா என்று புரியாமல். 1963இல் அதற்குத்தான் நியூபெரி விருது, அமெரிக்காவில் சிறுவர் நூலுக்குத் தருவது.

ராயபுரம் பஸ் ஸ்டாண்டு (வாசகர் பதில்): எனக்கு இப்படி எழுத்தாளரே வாசித்தால் தூக்கம்தான் வரும். நடிகை பதிவுதான் சரி. ஆனால் எறும்பு மேட்டர் சூப்பர். லெட்டர் என்ன ஆச்சு?

எழுதினவன்: மூணாவது தண்ணி ஊத்தின அன்னைக்கு உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் “முதல்ல இருந்து போடு சித்தப்பா, இந்தத் தடவை நீ நடுவுல பேசாத”ன்னு சொல்லிட்டா.