டிஜிட்டல் பண்பாடும் ஊடகமும்: முதுகலைக்கு எடுக்கலாமா?

கேள்வி: தக்கலை வாசகி

நாகர்கோவிலில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படித்து வருகிறேன். முதுகலையில் டிஜிட்டல் பண்பாடு, ஊடகம் சார்ந்த படிப்பில் சேர விரும்புகிறேன். ஆனால், பி.எட். முடித்துவிடு என்பதே வீட்டாரின் விருப்பம். “போன் பார்ப்பதற்கும் ஒரு பட்டமா?” என்று அப்பா கேட்கிறார். இதில் என்ன கற்பிக்கிறார்கள், விஸ்காமிலிருந்து (காட்சித் தொடர்பியல்) இது எப்படி வேறுபடுகிறது, எங்கே படிக்கலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில்: வேளிமலை

விஸ்காமில் கேமரா, படத்தொகுப்பு, வடிவமைப்பு போன்ற ஆக்கும் திறன்களுக்கே முதலிடம். நீங்கள் விரும்பும் படிப்போ, ஆக்கப்பட்டது யாரைச் சென்றடைகிறது, அதை வைத்து மக்கள் என்ன செய்கிறார்கள், இடையில் நிற்கும் நிறுவனம் எதை முன்னே தள்ளி எதை மறைக்கிறது என்பவற்றை ஆராய்கிறது. இதன் வேர்களில் ஒன்று, ரிச்சர்ட் ஹாகர்ட் என்ற அறிஞர் 1964இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பண்பாட்டாய்வு மையம். தொலைக்காட்சி சொல்வதைப் பார்ப்பவர் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை, தம் நிலையிலிருந்து ஏற்கவோ ஓரளவு மட்டும் ஒப்பவோ எதிர்க்கவோ செய்கிறார் என்று அங்கிருந்த ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதினார். ஹாகர்ட்டே இலக்கியம் பயின்றவர் என்பதால், நீங்கள் அந்நியமான துறைக்குப் போவதாக எண்ண வேண்டாம்.

நம் ஊர்க் கொடைவிழா வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புலவர் கதையை எங்கே நீட்டுவது, எங்கே விரைவது என்பதை எதிரே இருப்பவர்களைப் பார்த்து முடிவு செய்கிறார். கதை உச்சத்தை நெருங்கும்போது சாமியாடுபவருக்கு அருள் வருகிறது. அதே பாட்டு யூடியூபில் நேரலையாகப் போகும்போது, வளைகுடா நாட்டில் வேலை செய்யும் ஊர்க்காரர் அதைக் கைப்பேசியில், தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் பார்க்கிறார். அவர் பார்ப்பது சடங்கா, நிகழ்ச்சியா? அவர் இடும் கருத்து ஊர்ப் பேச்சில் எடுபடுகிறதா? இத்தகைய கேள்விகளுக்குச் சான்றோடு விடை தேடுவதே இந்தப் படிப்பு. நாட்டார் வழக்காற்றியலையும் (மக்களின் கதை, பாட்டு, சடங்கு பற்றிய படிப்பு) சேர்த்து வாசிக்காமல் இதில் ஆழமாகப் போக முடியாது என்பது என் எண்ணம்.

பதில்: மணக்குடிக் காயல்

வேளிமலை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ட்விட்டர் ஆய்வாளர்களுக்கு அளித்துவந்த இலவசத் தரவு அணுகல் 2023இல் நின்றது. ஃபேஸ்புக் பதிவுகளைத் தொகுத்தறிய உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவி 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆகவே கணினி முன் அமர்ந்து இலட்சக்கணக்கான பதிவுகளை அள்ளும் முறை கடினமாகிவிட்டது. மக்களை அறிந்து, அவர்களோடு பேசி, அவர்கள் இசைவோடு எழுதும் ஆய்வுக்கு இப்போது மதிப்புக் கூடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை பக்கத்து மீனவக் குடும்பங்களுக்குள் வாட்ஸப் வழியே செய்தி எப்படிப் பரவியது என்பதை வெளியூர் ஆய்வாளர் எந்த மென்பொருளைக் கொண்டும் எடுத்துவிட முடியாது. கடற்கரையின் பேச்சறிந்த ஒருவரிடம்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். அப்படித் திறந்தாலும், இழப்பின் குரல்பதிவுகளை ஆய்வேட்டில் போடலாமா என்ற கேள்வி உண்டு. ஆய்வறம் என்ற தாளை ஒப்புக்குப் படித்துவிடாதீர்கள் தங்கையே.

பதில்: குழித்துறைக்காரன்

இந்தப் பெயரிலேயே பட்டம் தேடினால் நம் பக்கம் கிடைப்பது அரிது. லண்டன் கிங்ஸ் கல்லூரி போன்ற இடங்களில்தான் உண்டு. தொடர்பியல் (கம்யூனிகேஷன்) துறைகளில் சேர்ந்து, ஆய்வேட்டை இந்தப் பொருளில் அமைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகத்திலும் தொடர்பியல்–இதழியல் துறை உண்டு. எங்கள் விளவங்கோடு பக்கத்தவர்களுக்கு அதுதான் அருகில். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலை, தொடர்பியல் பள்ளியையும் பாருங்கள்.

வீட்டில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: பள்ளியில் முதுகலை ஆங்கில ஆசிரியர் பணிக்கு இந்தப் பட்டம் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு ஈடாகாது. கல்லூரியில் கற்பிக்க யுஜிசி நெட் தேர்வில் இதழியல்–மக்கள் தொடர்பியல் பாடம் உண்டு; அது தவிர, செய்தி சரிபார்ப்பு, டிஜிட்டல் ஆவணக்காப்பு, பயனர் ஆய்வு என வழிகள் உள்ளன. விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, ஆய்வு முறையியலுக்குத் தனித்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் பயிற்சி மட்டுமே நிரம்பியிருந்தால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.