பிட்எக்ஸ் 40 செட்டில் பவர் ஆம்புக்கு 24 வோல்ட் கொடுக்கலாமா?

குளச்சல் தம்பி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஹாம் ரேடியோவுக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் கைக்கு வந்த கையோடு, 40 மீட்டர் அலைவரிசையில் பேசவும் கேட்கவும் உதவும் பழைய பிட்எக்ஸ் 40 போர்டு ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரியில் 7 வாட் வருகிறது. சென்னை, பெங்களூர் ஆட்கள் பேசுவது நன்றாகவே கேட்கிறது. நான் கூப்பிட்டால்தான் பாதிப்பேர் திரும்புவதில்லை. பவர் ஆம்புக்கு (சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் கடைசிக் கட்டம்) மட்டும் தனியாக 24 வோல்ட் கொடுத்தால் 20 வாட் கிடைக்கும் என்கிறார்கள். செய்யலாமா? என்னென்ன பார்க்கணும்?

இன்னொரு தொல்லையும் உண்டு. மைக்கில் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் டிஸ்ப்ளே உறைந்து நின்றுவிடுகிறது. குரலும் கரகரவென்று உடைந்து போகிறதாம்.

ஆன்டெனா 20 மீட்டர் நீள டைபோல் (நடுவில் இணைப்புக் கொடுத்த கம்பி). மொட்டை மாடியிலிருந்து பக்கத்துத் தென்னைக்குக் கட்டியது. செட்டிலிருந்து அதற்குப் போகிற கோஆக்ஸ் கேபிள் பழசு, வெயிலிலும் மழையிலும் கிடந்தது. வீடு கடலுக்கு வெகு பக்கம்.

2017-இல் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, போனும் எடுக்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் கதி தெரியாமல் வீட்டுக்கு வீடு அழுகை. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். கரண்ட் போனாலும் பேசக்கூடிய ஒரு செட் வீட்டில் இருக்கணும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

தக்கலை ரேடியோக்காரர்:

தம்பி, நல்ல காரியம். 24 வோல்ட் கொடுக்கலாம், அந்த போர்டிலேயே அதற்குத் தனி இணைப்பு வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத் ஃபர்ஹான் அதை வடிவமைத்ததே நம்மைப் போன்றவர்கள் வீட்டில் பிரித்துப் பார்த்துக் கற்கட்டும் என்றுதான். உங்கள் கிரேடுக்கு 50 வாட் வரை அனுமதி உண்டு, அதிலும் சிக்கல் இல்லை. ஆனால் இப்போது செய்யாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 7 வாட்டிலிருந்து 20 வாட்டுக்குப் போனால் ஏற்றம் நாலரை டெசிபல். எதிர்முனையில் மீட்டரில் ஒரு எஸ் யூனிட் (சிக்னல் பலத்தைக் காட்டும் அளவு) ஏற 6 டெசிபல் வேண்டும். ஆக, நீங்கள் இவ்வளவு பாடுபட்டும் அங்கே முள் ஒரு யூனிட்கூட முழுசாக ஏறாது. அந்த நாலரை டெசிபலை உங்கள் கோஆக்ஸே தின்றுகொண்டிருக்கலாம்.

டிஸ்ப்ளே உறைவது எதனால்? ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய ஆர்எஃப் (ரேடியோ அலை கரண்ட்), கோஆக்ஸின் வெளிப்பக்கமாகவே வீட்டுக்குள் திரும்பி வருகிறது. மைக் வயரிலும், டிஸ்ப்ளேயை ஓட்டுகிற ரடுயினோ போர்டிலும் ஏறி விளையாடுகிறது. பிளாஸ்டிக் டப்பா அதைத் தடுக்காது. இந்த நிலையில் 20 வாட் கொடுத்தால் 7 வாட்டுக்கு உறைகிற டிஸ்ப்ளே வாயைத் திறந்ததுமே உறையும்.

முதலில் கோஆக்ஸை ஆன்டெனா முனையில் ஒரு சாண் வெட்டி, மேல்தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே பின்னல் செம்பு பளிச்சென்று இருக்கணும். கறுத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்தப் பின்னல் ஈரத்தை நெடுந்தூரம் இழுக்கும். பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று அடி தாண்டியும் கறுப்புத்தான் என்றால் மொத்தமாக மாற்றுவதே நல்லது. கடலோரத்தில் புதுக் கோஆக்ஸ் போட்டாலும் முனையைத் திறந்து விடக்கூடாது. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் டேப் ஒட்டுங்கள்.

அப்புறம், டைபோலின் நடுவுக்குச் சற்றுக் கீழே கோஆக்ஸையே ஒரு சாண் அகல வளையமாக எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். வெளிப்பக்கமாகத் திரும்பி வருகிற ஆர்எஃப்புக்கு அது முட்டுக்கட்டை. மைக் முனைகளுக்குக் குறுக்கே 1 நானோ ஃபேரட் டிஸ்க் கப்பாசிட்டர் ஒன்று. டப்பாவையும் அலுமினியத்துக்கு மாற்றுங்கள், ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) தகடு கிடைக்கும். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஆர்எஃப்பைத் தடுக்கும், ஆனால் சூட்டைச் சரியாகக் கடத்தாது. நாளைக்கு ஹீட்சிங்க் வைக்கும்போது அவதிப்படுவீர்கள்.

ஆரல்வாய்மொழி:

தக்கலை அண்ணாச்சி சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. உங்களைக் கேட்காதவர் வீட்டு இரைச்சலும் உங்கள் குரலை மூடிவிடலாம், அதையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் செட்டைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன். இரைச்சல் சட்டென்று இறங்கியது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்ததில் வராந்தா எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும் பிடிபட்டன. அதே காரணத்துக்காக, 12 வோல்ட்டை 24 ஆக்குகிற பூஸ்ட் கன்வெர்ட்டரை வாங்காதீர்கள் தம்பி, அதுவும் இரையும். இரண்டு பேட்டரியைத் தொடராக இணைப்பதே உத்தமம்.

குளச்சல் தம்பி:

வெட்டிப் பார்த்தேன், நெடுக ஒரே கறுப்பு. புதுக் கோஆக்ஸ் போட்டு, வளையம் சுற்றி, கப்பாசிட்டரும் வைத்தாச்சு. இப்போது டிஸ்ப்ளே உறையவில்லை. மதுரைக்காரர் ஒருவர் முதல் அழைப்பிலேயே திரும்பினார், குரல் தெளிவு என்றார். ரொம்ப நன்றி அண்ணாச்சி. இனி 24 வோல்ட்டுக்குப் போகலாமா?

தக்கலை ரேடியோக்காரர்:

சந்தோஷம் தம்பி. இனி போகலாம்.

24 வோல்ட் பவர் ஆம்புக்கு மட்டும்தான். மீதி போர்டு 12-லேயே இருக்கணும். அதிலுள்ள ரிலேக்கள் 12 வோல்ட் ரகம், ஆடியோ ஐசி எல்எம் 386-உம் 24-ஐத் தாங்காது. இரண்டு பேட்டரி வைத்தால் கீழ் பேட்டரியிலிருந்து போர்டுக்கு 12 எடுங்கள், மைனஸ் இரண்டுக்கும் ஒன்றே.

பவர் ஆம்பில் இருக்கிற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப் 510. அதன் உலோக முதுகுதான் அதன் டிரெய்ன் முனை. அங்கே முழு வோல்டேஜும் நிற்கும். ஹீட்சிங்குக்கும் அதற்கும் நடுவில் மைக்கா, ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் வாஷர். மல்டிமீட்டரைப் பீப்பில் வைத்து அந்த முதுகையும் ஹீட்சிங்கையும் தொட்டுப் பாருங்கள், சத்தம் வந்தால் பேட்டரியைக் கொடுக்காதீர்கள். ஹீட்சிங்க் இப்போது இருப்பதைவிடப் பெரிசாக வேண்டும்.

சோதனைக்கு ஆன்டெனா வேண்டாம். 1 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் 20 வாங்கிப் பக்கவாட்டில் இணைத்தால் ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம், 20 வாட் டம்மி லோடு ஆயிற்று. வயர் சுற்றிய ரகம் வேண்டாம். மாஸ்ஃபெட்டின் நிலைக் கரண்டை வைக்கிற பயாஸ் பிரீசெட்டை முழுக்கக் குறைத்துவிட்டு, 24 வோல்ட் வயரில் மீட்டரைத் தொடராக வைத்து, மைக்கில் பேசாமல் பிடிடியை (பேசும்போது அழுத்துகிற பொத்தான்) மட்டும் அழுத்துங்கள். பிரீசெட்டை மெல்லத் திருப்பி 100 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். அந்த மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக இந்தக் கரண்ட் தானே ஏறும். அதனால் சிறிது நேரம் பேசிச் சூடேற்றிவிட்டு மறுபடி அளந்து, ஏறியிருந்தால் குறைத்து வையுங்கள்.