இறால் தீவனத்துக்குக் கூடுதல் சுங்கவரி கட்டியாச்சு, திரும்ப வாங்க என்ன வழி?

தேவிபட்டினம் பண்ணை:
தூத்துக்குடி வழியா இறால் தீவனம் வந்துச்சு. 2024 பட்ஜெட்டில் குறைத்த 5 சதவீத வீதத்துக்கான நோட்டிபிகேஷன் (அரசு அறிவிக்கை) எண்ணை சுங்க ஏஜென்ட் பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி விவரப் படிவம்) போடலை. முழு வரியும் கட்டியாச்சு. சரக்கு வெளியே வந்து ஏழு மாதம். நேரா ரீஃபண்ட் போடலாமா?

கப்பல்_சரக்கு:
நேரா போட்டால் நிராகரிப்புதான். சுயமதிப்பீடும் (இறக்குமதியாளரே வரியைக் கணக்கிட்டுக் காட்டுவது) ஓர் உத்தரவே, அதை மாற்றாமல் ரீஃபண்ட் கிடையாது என்று 2019ல் ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கமிஷனர் அப்பீலுக்கு 60 நாள், தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்டால் இன்னும் 30. அது உங்களுக்குப் போச்சு. மிச்சம் உள்ள ஒரு வழி, சுங்கச் சட்டம் பிரிவு 149ன் கீழ் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தச் சொல்லிக் கேட்பது. சரக்கு விடுவித்த நாளில் இருந்த இன்வாய்ஸ், லேபிள், கலவை விவரம் மட்டுமே ஆதாரம். புதிதாக வாங்கிய கடிதம் எடுபடாது. ரீஃபண்டுக்கான பிரிவு 27ன் ஒரு வருடக் கெடு வரி கட்டிய தேதியிலிருந்து ஓடுகிறது. இந்த வாரமே மனு கொடுங்க.

கணக்கு மேசை:
பணம் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான்: கூடுதல் வரியைச் செலவில் எழுதியிருந்தால், சுமையை வாங்குபவர் தலையில் ஏற்றிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள் (பிரிவு 28டி). உத்தரவு சாதகமாக வந்தாலும் தொகை நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும். தீவனத்தை விற்கலை, சொந்தக் குளத்துக்குத்தான் போட்டோம் என்பதும் செல்லாது. பேலன்ஸ் ஷீட்டில் ‘சுங்கத்திடமிருந்து வரவேண்டியது’ என்று நிற்கணும், ஆடிட்டர் சான்றிதழ் அதையே சொல்லணும்.

தேவிபட்டினம் பண்ணை:
வருடக் கணக்கு இன்னும் மூடலை.

கணக்கு மேசை:
அப்போ இப்பவே ஜர்னல் என்ட்ரி (கணக்கு மாற்றுப் பதிவு) போட்டு செலவிலிருந்து வரவேண்டியதுக்கு மாத்துங்க. முழுமையான விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் 6 சதவீத வட்டி உண்டு, கேட்டு எழுதுங்க.