வெங்காய வேரில் 16 குரோமோசோம் 32 ஆனாலும் புற்று வருவதில்லை. மனித செல்லில் ஏன்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு): டிகிரி பிராக்டிகலில் வெங்காய வேரை 0.05% கொல்ச்சிசினில் (செல் பிரிவைத் தடுக்கும் நஞ்சு) 4 மணி நேரம் வைத்துக் கழுவி, நல்ல தண்ணீருக்கு மாற்றுகிறோம். மறுநாள் பார்த்தால் சில செல்களில் 32 குரோமோசோம். வேர் நுனியும் வீங்கியிருக்கிறது, ஆனால் அதோடு சரி. மனித செல்லில் இப்படி இரட்டித்தால் புற்றுநோய்க்கு வழி என்கிறது பாடம். எங்கே வித்தியாசம்?

பதில் 1: அந்த வீக்கம் செல்கள் பெருகியதால் வந்ததல்ல. செல்லுக்கு வடிவம் தரும் நுண்குழல்கள் கொல்ச்சிசினால் கலைந்ததும், நீளவாக்கில் வளர வேண்டிய செல் எல்லாப் பக்கமும் உப்பிவிடும்.

இரட்டிப்புக்கு முன் ஒரு காவல் உண்டு. குரோமோசோமை இழுக்கும் நுண்குழல்தான் கதிர்நூல்; அது பற்றும் இடம் கைனட்டோகோர். கதிர்நூல் பிடிக்காத கைனட்டோகோர் ஒன்றே ஒன்று இருந்தாலும், மேட்2, பப்ஆர்1 புரதங்கள் சிடிசி20 என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது இல்லாமல், புரதங்களைச் சிதைக்கக் குறிவைக்கும் ஏபிசி/சி வேலை செய்யாது; செப்பரேஸ் என்ற நொதியை அடக்கி வைக்கும் செக்யூரின் சிதையாது; குரோமோசோமின் இரு பாதிகளை ஒட்டி வைக்கும் கோஹெசினை செப்பரேஸ் வெட்டாது. ஆனால் அடைப்பு நீண்டால் செல்லைப் பிரிவு நிலையில் வைத்திருக்கும் சைக்ளின் பி புரதம் கசிந்து கசிந்து குறைய, செல் பிரியாமலே இடைநிலைக்கு (இரு பிரிவுகளுக்கு நடுவிலான கட்டம்) நழுவிவிடும். இரட்டிப்பு அப்படித்தான் வருகிறது.

பதில் 2: இனிதான் முக்கியமான இடம். வெங்காயத்துக்கு சென்ட்ரோசோம் (கதிர்நூல்கள் கிளம்பும் துருவ மையம்) கிடையாது, நமக்கு உண்டு. நழுவிய மனித செல்லில் சென்ட்ரோசோமும் இரட்டிப்பாகிவிடும். அடுத்த பிரிவில் மூன்று நான்கு துருவங்கள் உருவாகி, பிறகு அவை இரண்டாகச் சேர்ந்தாலும், ஒரே கைனட்டோகோர் இரு துருவ நூல்களையும் பிடித்திருக்கும். அங்கே காலி இடம் இல்லாததால் காவலுக்கு அது தெரியாது. தவறான பிடிப்பைச் சரிசெய்யும் அரோரா பி புரதம் திருத்தாமல் விட்ட குரோமோசோம் நடுவில் பின்தங்கி, நுண்ணுட்கருவாகும் (தனியே நிற்கும் குட்டி உட்கரு). இரட்டித்ததைவிட, இப்படி குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றிரண்டாக ஏறி இறங்குவதே ஆபத்து.

இதற்கு எதிரான தடுப்பு பி53 என்ற புற்றுத் தடுப்புப் புரதம். கூடுதல் சென்ட்ரோசோம் இருந்தால் செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஹிப்போ பாதையின் லாட்ஸ்2 என்ற நொதி தூண்டப்பட்டு, பெருக்கத்தைத் தூண்டும் யாப் புரதத்தை அடக்கி, பி53ஐச் சிதையாமல் காக்கும். செல் ஜி1இல் (டிஎன்ஏ இரட்டிக்கும் முன் கட்டம்) நின்றுவிடும். 2005இல் வந்த எலி ஆய்வில், பி53 இல்லாத மார்பகச் செல்களில் இரட்டித்தவையே கட்டியாயின, இரட்டிக்காதவை ஆகவில்லை. நம் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இரட்டித்த செல்கள் இயல்பாகவே இருக்கின்றன, அதனால் எண்ணிக்கையை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. தாவரத்தில் செல்சுவர் இருப்பதால் செல் இடம்பெயர்ந்து பரவவும் முடியாது.

பதில் 3: முதலில் அந்த 32ஐச் சரிபாருங்கள். ஒவ்வொன்றும் இரு குரோமாட்டிடோடு (குரோமோசோமின் ஒட்டிய இரு பாதிகள்) எக்ஸ் வடிவில் இருந்தால் அது உண்மையான 32. ஒற்றைக் குச்சிகள் பக்கத்துப் பக்கத்தில் ஜோடியாகக் கிடந்தால் அது பிரிந்து கிடக்கும் 16தான். ரத்தச் செல் கல்ச்சர் செய்யும்போது இதற்கு நேர்மாறு: செல்லை உப்ப வைக்கும் 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 37 டிகிரியில் 15–20 நிமிடத்துக்கு மேல் விட்டால் செல் வெடித்து குரோமோசோம் சிதறும். 46 இருக்க 44 என்று எண்ணுவீர்கள். ஒரே செல்லை வைத்து முடிவு சொல்லாதீர்கள். கொல்ச்சிசின் செங்காந்தள் கிழங்கின் நஞ்சு; கையுறையில்லாமல் தொட வேண்டாம்.