அம்மாவின் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது: பி.எம். கிசான் பணத்தை எடுப்பது எப்படி?

செஞ்சிக்காரன் (அக்டோபர் 2020)
அம்மாவுக்குச் செஞ்சிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். பட்டா அவர் பெயரில்தான். ஏப்ரலில் கொரோனா உதவி என்று 2,000 ரூபாய் வந்தது, எடுத்தோம். ஆகஸ்டிலும் வந்திருக்கிறது. ஆனால் வங்கியில் ‘கணக்கு முடக்கம், மேலிடத்து உத்தரவு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நூறு நாள் வேலைக் கூலியும் அதற்குள்ளேதான் கிடக்கிறது. கார்த்திகைப் பட்டத்துக்கு மல்லாட்டை (நிலக்கடலை) விதை வாங்க வேண்டும். நான் சென்னையில் இருக்கிறேன். யாரைப் போய்ப் பார்ப்பது?

வரப்பு
கணினி மையத்தில் புதிதாக இன்னொரு முறை பதிந்துவிடுங்கள். எளிது.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.
வேண்டவே வேண்டாம். இருக்கிற சிக்கல் போதாதா?

தம்பி, அது கொரோனாவுக்கென்று புதிதாகக் கொடுத்த பணம் அல்ல. நிலம் உள்ள விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் என்ற பழைய திட்டத்தின் தவணைதான். மார்ச் 26 அறிவிப்பின்படி ஏப்ரல் தொடக்கத்திலேயே போட்டார்கள். ஜன்தன் கணக்குப் பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய் வந்ததே, அதுதான் புதிது. இரண்டையும் சேர்த்து ‘கொரோனா பணம்’ என்று ஊரில் பேசியதால் வந்த வினைதான் எல்லாம்.

விழுப்புரம் உட்பட 13 மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களைச் சேர்த்து, 110 கோடி ரூபாய் முறைகேடு என்று அரசே சொல்லிவிட்டது. சி.பி.சி.ஐ.டி. விசாரிக்கிறது. பட்டா உள்ளவர் அதில் மாட்டக் காரணம் இருக்க வேண்டும். கணக்கு அம்மா பெயரில் மட்டுமா? அடுத்த தவணையை விடுவித்த ஆகஸ்ட் 9க்குப் பிறகு 2,000 எத்தனை முறை ஏறியிருக்கிறது என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

செஞ்சிக்காரன்
அம்மாவும் தம்பியும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று முறை ஏறியிருக்கிறது! தம்பியைக் கேட்டேன். ஜூலையில் ஒரு கணினிக் கடையில் ‘எல்லாருக்கும் கொரோனா நிதி’ என்று சொல்லி 500 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிந்திருக்கிறார்கள். ஆதார், பாஸ்புக் நகல் போதுமென்றார்களாம். சர்வே எண்ணைக் கேட்கவே இல்லை. அவன் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.
நினைத்தேன். அம்மாவுடையது ஒரு தவணை, தம்பியுடையது இரண்டு. தேடி வரும்வரை காத்திருக்காமல் தம்பியே வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போகட்டும். நடந்ததை எழுதிக் கொடுத்து 4,000 ரூபாயைத் திருப்பிக் கட்டி, ரசீதைக் கையில் வாங்காமல் வரக் கூடாது. கடைக்காரர் யார் என்று கேட்டால் மறைக்க வேண்டாம். அம்மாவின் சிட்டா, ஆதார், பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு அம்மாவும் கூடப் போக வேண்டும். முடக்கத்தை நீக்கக் கடிதம் கேளுங்கள். பிறகு அம்மாவுக்குத் தனிக் கணக்கு.

செஞ்சிக்காரன் (நவம்பர்)
நேற்று முடக்கம் நீங்கியது. மூன்று முறை அலைந்தார்கள். முதல் நாள் சிட்டா பழையது என்று சொல்லி, புதிதாக எடுத்துவரச் சொல்லிவிட்டார்களாம். கூலிப் பணம் அப்படியே இருக்கிறது. மிக்க நன்றி ஐயா.

வரப்பு
நான் சொன்னபடி செய்திருந்தால் அம்மாவும் மாட்டியிருப்பார். மன்னியுங்கள். அந்த 500 ரூபாய்?

செஞ்சிக்காரன்
தம்பி கேட்கப் போனான். கடைப் பலகையையே கழற்றிவிட்டார்கள்.